சூத்திரம் கையெழுத்திட்ட ஓவியம்: ஏஐ கலை அசலாகுமா, சேகரிக்கத் தகுமா?

ஓவியரின் பெயர் இருக்கவேண்டிய வலது கீழ் மூலையில் ஒரு கணிதச் சூத்திரம் அச்சாகியிருக்கிறது. கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒரு கனவான். முகத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்ததுபோல் கண்ணும் மூக்கும் கலைந்திருக்கின்றன. உருவம் நடுவில்கூட இல்லை, மேல் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. சுற்றிலும் தங்க முலாம் பூசிய சட்டம். 'எட்மண்ட் டி பெலாமி' என்ற இந்தப் படம் 2018 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டி நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தபோது, 7,000 முதல் 10,000 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 4,32,500 டாலருக்கு.

அந்த நாளில் தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை. இயந்திரம் உருவாக்கிய படத்தில் 'அசல்' என்று எதைச் சொல்வது? எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துவைப்பதில் பொருள் உண்டா? 2025 தொடக்கத்தில் அதே கிறிஸ்டி, ஏஐ கலைக்கென்றே தனி ஏலம் நடத்தியபோது, அதை நிறுத்தச் சொல்லி 6,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஏலம் நிற்கவில்லை. 7,28,784 டாலர் வசூலானது. இரு தரப்பின் வாதங்களையும் எடைபோட, முதலில் சில அடிப்படைகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல், இரண்டு பொருள்

இந்த விவகாரத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்குமேல், 'அசல்' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பிடித்துக்கொள்வதால் வருபவை.

1. பிறப்பில் அசல். இன்னார், இன்ன காலத்தில், இன்ன விதத்தில் செய்தார் என்று சொல்லப்படுவது உண்மையா என்பது. ரவி வர்மா வரைந்ததாக ஒரு தைல ஓவியம் வந்தால், வல்லுநர்கள் வண்ணப்பூச்சின் வேதியியலைப் பார்ப்பதும், அது யார் யார் கைமாறி வந்தது என்று காகிதங்களைத் தேடுவதும் இதற்காகத்தான்.

2. வெளிப்பாட்டில் அசல். படைத்தவரின் சொந்தப் பார்வை அதில் இருக்கிறதா, இரவல் பார்வையா என்பது. இதை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று நினைப்பது தவறு. பெரிய ஓவியர் ஒருவர் வாடகைப் பாக்கிக்காக அவசரத்தில் வரைந்து தள்ளிய படம் முதல் தேர்வில் தேறும், இரண்டாவதில் தோற்கும். உள்ளத்தைத் தொடும் போலி ஓவியம் முதல் தேர்விலேயே விழுந்துவிடும். கலைச்சந்தை பெரும்பாலும் முதலாவதுக்கே பணம் கொடுக்கிறது. ரசிகர்கள் கேட்பது இரண்டாவதை. "ஏஐ படத்தில் ஆன்மா இல்லை" என்று ஒருவர் சொல்வதும், "ஆவணம் சரியாக இருக்கிறதே" என்று இன்னொருவர் பதில் சொல்வதும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

படம் எங்கிருந்து வருகிறது

பெலாமியை உருவாக்கியது 2014இல் இயான் குட்ஃபெலோவும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த ஒரு முறை. நரம்பு வலையமைப்பு என்பது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல். அப்படி இரண்டை எதிரெதிரே உட்காரவைக்க வேண்டும். ஒன்று கள்ளநோட்டு அடிப்பவன், மற்றொன்று நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் காசாளர். காசாளரிடம் பிடிபடப் பிடிபட அடிப்பவன் தேறுகிறான்; அவன் தேறத் தேற காசாளரின் கண்ணும் கூர்மையாகிறது. பெலாமி விஷயத்தில் காசாளருக்குக் காட்டிய நல்ல நோட்டுகள், 14 முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான 15,000 உருவப்படங்கள். மூலையில் அச்சாகியிருக்கும் சூத்திரம் இந்தப் போட்டியின் விதிதான். பெலாமி என்ற குடும்பப் பெயர்கூட ஒரு குறும்பு: 'குட்ஃபெலோ' என்பதைப் பிரெஞ்சில் 'பெல் அமி', நல்ல நண்பன், என்று ஆக்கிக்கொண்டார்கள்.

இன்று பலரும் கையாளும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. ஆன்டெனா கழன்ற பழைய தொலைக்காட்சியில் தெரியுமே, அதுபோன்ற புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, நாம் எழுதிக்கொடுக்கும் வாக்கியத்துக்கு, அதாவது பிராம்ப்டுக்கு, ஏற்றபடி படிப்படியாக இரைச்சலை நீக்கிக்கொண்டே போகின்றன. தொடக்கப் புள்ளிக் கூட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அதை விதை எண் என்று சொல்லலாம்.

சேகரிப்பவருக்கு இந்த எண் முக்கியம். அதே மாடல் (அதாவது படங்களைப் பார்த்துப் பயின்ற நிரல்), அதே பிராம்ப்ட், அதே விதை எண், அதே அமைப்புகள் இருந்தால் நடைமுறையில் அதே படம் மறுபடி வரும். எண்ணை ஒன்று கூட்டினால் அதன் உடன்பிறப்பு வரும். இன்னொன்று கூட்டினால் இன்னொன்று. ஆக, "உலகில் இது ஒன்றுதான்" என்று ஒரு ஏஐ படத்தைப் பற்றிச் சொன்னால், அது படத்தின் இயல்பைப் பற்றிய தகவலாக இருக்க முடியாது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒருவர் தரும் வாக்கு அது. ஏஐ கலையின் சந்தை முழுவதும் அந்த வாக்கின்மேல்தான் நிற்கிறது.

வாக்கை விற்பது புதிதில்லை

கேட்பதற்கு மோசடிபோலத் தோன்றும். ஆனால் கலையுலகம் இதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறது.

சுவாமிமலை ஸ்தபதி மெழுகுக் கருவின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துவிடுகிறார். அச்சு போனபின் அதே சிலை இன்னொன்று வராது. ஒருமை அங்கே செய்முறையிலேயே இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் வெண்கலங்கள் அப்படி இல்லை. அச்சு பத்திரமாக இருக்கிறது. எத்தனையும் வார்க்கலாம். ஆகவே பிரான்சில் ஒரு சிற்பத்துக்குப் பன்னிரண்டு வார்ப்புகளே அசல் என்று வரம்பு வைத்தார்கள்; எட்டு எண்ணிட்டவை, நான்கு கலைஞர் பிரதிகள். பதின்மூன்றாவது உலோகத்திலும் உருவத்திலும் அச்சு அசலாக அப்படியே இருந்தாலும் அது நகல். ரோடான் 1917இல் இறந்த பிறகு வார்க்கப்பட்டவைகூட இந்தக் கணக்குக்குள் வந்தால் அசல் என்பதுதான் இதில் வேடிக்கை.

அமெரிக்கரான சோல் லெவிட் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய சுவரோவியங்களை வாங்குபவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஒரு சான்றிதழும் வரைபடமும்தான். குறிப்புகளைப் பின்பற்றி வேறு யாரோ சுவரில் வரைவார்கள். அழித்துவிட்டு வேறு சுவரில் மறுபடி வரையலாம். கேலரியிடம் கொடுத்துவைத்த சான்றிதழ் தொலைந்ததால் படைப்பே மதிப்பிழந்துவிட்டது என்று 2012இல் ஒரு சேகரிப்பாளர் வழக்கே தொடுத்தார். 2024 நவம்பரில் 62 லட்சம் டாலருக்கு விலைபோன, சுவரில் பட்டை நாடாவால் ஒட்டிய வாழைப்பழமும் இதே வகைதான். பழத்தை வாங்கியவர் தின்றுவிட்டார், சான்றிதழைத் தின்னவில்லை.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால், ரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தைச் சொல்லலாம். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போனார்கள். ஓவியர் கை படாத இயந்திர அச்சு. இன்று அந்தப் பழைய அச்சுப்படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டுத் துணியும் சரிகையும் ஒட்டி, தெய்வத்துக்குச் சேலை உடுத்திய பிரதிகளுக்குத் தனி மவுசு. யாரோ ஒருவரின் ஊசி பட்டதால் ஆயிரத்தில் ஒன்று தனியாகிவிட்டது. ஆனால் ரவி வர்மாவின் தைல ஓவியங்களின் விலைக்கும் அச்சுப்படங்களின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சேகரிக்கத் தக்கது என்பதும் விலை உயர்ந்தது என்பதும் ஒன்றில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

எனவே இயந்திரம் செய்தது, பிரதி எடுக்கலாம், கை படவில்லை என்ற மூன்று காரணங்களைச் சொல்லி ஏஐ கலையைத் தள்ளிவிட முடியாது. அவற்றைச் சொல்பவர்கள் வெண்கலத்தையும் புகைப்படத்தையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கும்.

உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில்

ரோடானின் அச்சு ரோடானுடையது. பெலாமியின் 'அச்சு' யாருடையது?

ஏலம் முடிந்த கையோடு இந்தக் கேள்வி வெடித்தது. படத்தை வெளியிட்டது பாரிஸைச் சேர்ந்த 'ஆப்வியஸ்' என்ற மூவர் குழு. ஆனால் அவர்கள் பயன்படுத்திய நிரலின் பெரும்பகுதியை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருந்தவர் ராபி பாரட் என்ற அமெரிக்க இளைஞர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நிரலை எடுத்தது உரிமப்படி தவறில்லை. தேர்ந்தெடுத்ததும் அச்சிட்டதும் சட்டமிட்டதும் சந்தைப்படுத்தியதும் குழுவினர்தான். இருந்தாலும், 'இதைச் செய்தவர் யார்' என்ற கேள்விக்கு நான்கு விடைகள் வந்துவிட்டன: குழு, பாரட், முறையைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள், பெயர் தெரிந்தும் தெரியாமலும் அந்த 15,000 உருவப்படங்களை வரைந்த ஓவியர்கள். சூத்திரத்தைக் கையெழுத்தாகப் போட்டது சாமர்த்தியமான விளம்பரம். கேள்விக்கு அது விடை சொல்லவில்லை.

2025 ஏலத்தை எதிர்த்தவர்களின் வாதம் நான்காவது விடையைச் சார்ந்தது. உயிரோடிருக்கும் கலைஞர்களின் படங்களை அனுமதியோ ஊதியமோ இல்லாமல் விழுங்கிப் பயின்ற மாடல்களில் செய்தவை அங்கே விற்கப்படுகின்றன என்றார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவற்றின் பயிற்சிக்கு உதவிய ஒரு தொகுப்பில் மட்டும், இணையத்தில் கிடைத்த 500 கோடிக்கு மேற்பட்ட படங்களின் முகவரிகள் இருந்தன. யாரையும் கேட்டு எடுக்கவில்லை. இது நியாயமான புகார். அதற்காக ஏஐ கலை மொத்தத்தையும் ஒரே கூண்டில் ஏற்றுவது சரியாகாது. ஏனென்றால் பயிற்சித் தரவு எல்லாருக்கும் ஒன்றில்லை.

லண்டன் கலைஞர் அன்னா ரிட்லர் 2018இல் நெதர்லாந்தில் இருந்தபோது பத்தாயிரம் டூலிப் மலர்களைத் தானே படமெடுத்தார். ஒவ்வொன்றின் நிறம், வகை, கோடு ஆகியவற்றைக் கையாலேயே குறித்தார். அந்தத் தொகுப்பை வைத்து மாடலைப் பழக்கினார். பூக்கும் பருவம் முழுக்க ஒருவர் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்ததன் விளைவு அந்தப் படைப்பு. இதில் பிறப்பு அசலும் இருக்கிறது, வெளிப்பாட்டு அசலும் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1970களில், ஓவியர் ஹெரால்ட் கோஹன் 'ஆரன்' என்ற நிரலை எழுதத் தொடங்கினார். ஆரன் யாருடைய படத்தையும் விழுங்கிக் கற்கவில்லை. கோடு எப்படி வளைய வேண்டும், உருவம் எப்படி மூட வேண்டும் என்று கோஹன் தனக்குத் தெரிந்த ஓவிய அறிவை விதிகளாக எழுதினார். 2016இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். நாற்பது ஆண்டு உழைப்பு. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2024இல் அதற்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது.

இவற்றின் பக்கத்தில், இரண்டு வரி பிராம்ப்ட் எழுதி வந்த நான்கு படங்களில் ஒன்றைச் சொடுக்கியதை வைத்துப் பாருங்கள். கருவி ஒன்றுதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மனிதர் எடுத்த முடிவுகளின் எண்ணிக்கையும் எடையும் வேறு.

சட்டம் யாரைப் படைப்பாளி என்கிறது

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் ஏறத்தாழ அந்த முடிவுகளைத்தான் தேடுகிறது. இயந்திரமே படைப்பாளி என்று பதியக் கேட்ட வழக்கை 2023இல் ஒரு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளின. படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்பதே காரணம். கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022இல் பரிசு வென்ற படத்துக்கு, 624 முறை பிராம்ப்ட் மாற்றி எழுதினேன் என்று படைத்தவர் வாதாடியும் பதிவு கிடைக்கவில்லை. பிராம்ப்ட் எழுதுவது ஓவியரிடம் படம் வரையச் சொல்லி ஆர்டர் கொடுப்பது போன்றது என்பது அந்த அலுவலகத்தின் நிலைப்பாடு. ஆனால் 2025 ஜனவரியில் இன்னொரு படத்துக்குப் பதிவு கிடைத்தது. அதில் படைத்தவர் படத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, மாற்றி, அடுக்கியதை நிரூபித்திருந்தார்.

சீனாவில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023இல் எதிர்த் திசையில் போனது. பிராம்ப்டையும் அமைப்புகளையும் தேர்ந்ததே போதும் என்று ஒருவருக்குப் பதிப்புரிமை அளித்தது.

இந்தியாவில்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு 'அது உருவாகக் காரணமானவரே' படைப்பாளி என்கிறது. இந்த வரி 1994 திருத்தத்தில் வந்தது. அப்போது யாரும் இன்றைய ஏஐயைக் கனவு கண்டிருக்க மாட்டார்கள். 2020இல் தில்லி வழக்கறிஞர் ஒருவர், தான் எடுத்த சூரிய அஸ்தமனப் படத்தையும் வான்கோவின் விண்மீன் இரவு ஓவியத்தையும் ஒரு ஏஐ நிரலிடம் கொடுத்து 'சூர்யாஸ்த்' என்ற படத்தைப் பெற்றார். நிரல் மட்டுமே படைப்பாளி என்ற விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரும் நிரலும் கூட்டுப் படைப்பாளிகள் என்ற விண்ணப்பத்துக்குப் பதிவு கிடைத்தது. மறு ஆண்டே பதிவைத் திரும்பப் பெறுவதாக அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. அதே படத்தை அமெரிக்கா 2023இல் மறுத்துவிட்டது.

வாங்குபவருக்கு இதனால் என்ன? சாதாரண ஓவியத்தை வாங்கினாலும் பதிப்புரிமை கைக்கு வருவதில்லை, அது ஓவியரிடமே இருக்கும். ஆனால் அந்த உரிமை ஒரு வேலி. ஓவியரைக் கேட்காமல் யாரும் அதை அச்சிட்டு விற்க முடியாது. பதிப்புரிமையே இல்லாத ஏஐ படத்துக்கு அந்த வேலி கிடையாது. உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அதே படத்தை எதிர்வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையில் அச்சிட்டு விற்றால் தடுக்கச் சட்டம் துணைக்கு வராமல் போகலாம். மிஞ்சுவது கலைஞர் கொடுத்த ஒப்பந்தமும் அதன் ஆவணங்களும்தான்.

தூக்கி எறிந்த அட்டைகள்

ஒரு பொருள் எப்படி அரிதாகிறது என்பதற்கு ராபி பாரட்டின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் லண்டனில் கிறிஸ்டி நடத்திய தொழில்நுட்ப மாநாட்டில், அவருடைய ஏஐ நிர்வாணச் சித்திரம் ஒன்றை 300 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு அச்சிட்ட அட்டையை வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அட்டையைப் பிரித்துக் குறியீட்டைப் பதிந்தால் அந்த டிஜிட்டல் துண்டு சொந்தமாகும். கனவான்களில் பெரும்பாலோர் அதை விளம்பரத் துண்டாக நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குறியீடுகள் பதியப்படாமலே தொலைந்தன. மிஞ்சிய சிலவற்றில் ஒன்று 2022 மார்ச்சில் சாதபி ஏலத்தில் 6 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

இதில் அழகியல் பங்கு எவ்வளவு, குப்பைத்தொட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது. எண்ணிக்கை உறுதியாகக் குறைவு, ஒரு காலகட்டத்தின் தொடக்கம், சொல்ல ஒரு கதை, கைமாறியதற்கு அழிக்க முடியாத பதிவு ஆகிய நான்கும் அமைந்துவிட்டன. இதே ஆண்டுகளில் என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் உடைமைச் சீட்டுகளாக விற்ற பல்லாயிரம் படங்கள் இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றிலும் பதிவு இருந்தது. மற்ற மூன்றும் இல்லை. 2024 நவம்பரில் ஐடா என்ற ரோபோ வரைந்த ஆலன் டூரிங் உருவப்படம் 10 லட்சம் டாலரைத் தாண்டியதும் படத்தைவிட 'முதல்' என்ற பட்டத்துக்குக் கிடைத்த விலை என்றே தோன்றுகிறது. இரண்டாவது ரோபோவுக்கு அந்த விலை வருமா?

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. எந்த மாடல், எந்தத் தரவில் பயின்றது? கலைஞரே தொகுத்த தரவு என்றால் நல்லது. பொது மாடல் என்றால், நாளை ஒரு வழக்குத் தீர்ப்பு அதன் மதிப்பைப் பாதிக்கலாம் என்று கணக்கில் கொள்ள வேண்டும்.

2. வழியில் என்னென்ன முடிவுகள் எடுத்தார்? நிராகரித்த படங்கள், இடைநிலைக் கோப்புகள், திருத்தங்கள் இருக்கின்றனவா? ஓவியருக்குக் கோட்டோவியக் குறிப்பேடு எப்படியோ, இவருக்கு இவை அப்படி. காட்ட ஒன்றுமில்லை என்றால் வாங்கவும் ஒன்றுமில்லை.

3. எத்தனை பிரதி என்பதை எழுத்தில் தருகிறாரா? விதை எண்ணும் மூலக் கோப்பும் யாரிடம் இருக்கும்? உடன்பிறப்புப் படங்களை விற்பாரா?

4. கையில் வருவது எது? அச்சு என்றால் தாளும் மையும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்கலாம். இயங்கும் நிரல் என்றால் சிக்கல் பெரிது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், தன் தொகுப்பின் 1,38,000க்கும் மேற்பட்ட பதிவுகளில் பயின்ற, கலைஞர் ரெஃபிக் அனடோலின் படைப்பை 2023இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அங்கே பராமரிக்க வல்லுநர்கள் இருக்கிறார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

5. இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும்? ஜெர்மன் கலைஞர் மரியோ கிளிங்கமனின் படைப்பொன்று 2019 மார்ச்சில் லண்டனில் 40,000 பவுண்டுக்கு விற்றது. பழைய வானொலிப் பெட்டிபோன்ற மர அலமாரி, உள்ளே கணினி, அதோடு இணைத்த இரண்டு திரைகள். ஒவ்வொரு நொடியும் திரையில் புதிய முகங்கள் உருவாகி, உருகி, வேறாகின்றன. எதுவும் சேமிக்கப்படுவதில்லை, வந்த முகம் திரும்புவதில்லை. வாங்கியவர் ஒரு முகத்தைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. உள்ளே இருக்கும் சில்லு ஒருநாள் பழுதாகும், அதே சில்லு அன்று சந்தையில் கிடைக்காது. புதியதைப் பொருத்தி இயக்கினால் அது அதே படைப்புதானா என்பதை, விற்கும் நாளிலேயே கலைஞரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.